பூஜ்ஜியம் நிமிடம்

ஜனவரி 27, திங்கள்

எழுந்ததும் முதல் வேலையாகச் சமையலறைக் குழாயைத் திறந்தேன். உஸ்ஸென்று காற்று வந்தது. காற்றுக்குப் பின்னால் தண்ணீர் வருவதும் உண்டு என்பதால் கொஞ்ச நேரம் அப்படியே விட்டுவைத்தேன். வரவில்லை. மூடிவிட்டு, கேனைச் சாய்த்துப் பிடித்து இரண்டு காபிக்கு மட்டும் தண்ணீர் எடுத்தேன். கேன்காரர் சனிக்கிழமையே வருவதாகச் சொன்னவர். என் வீட்டுக்காரர் இவரைப் போன் செய்யச் சொன்னால், "வந்துரும், வந்துரும்" என்கிறார். இருபத்திரண்டு வருடம் தபால் அலுவலகத்தில் இருந்தவருக்கு, எதுவானாலும் ஒருநாள் வந்து சேர்ந்துவிடும் என்ற நம்பிக்கை.

அலுவலகத்தில் சந்தானகிருஷ்ணன் சார் மாவட்ட வரைபடத்தைப் பெரிய திரையில் போட்டுக் காட்டினார். 2030-க்குள் உலகம் எட்டவேண்டிய இலக்குகள் பதினேழு. ஆறாவது, குடிநீர். அதில் எங்கள் மாவட்டம் இத்தனை நாளும் மஞ்சள் நிறத்தில் கிடந்தது. வீடு வீடாகக் கணக்கெடுப்பு முடிந்துவிட்டது. இன்னும் ஒரே ஓர் ஊர், சுருக்கன்குடி, நூற்றியெண்பது வீடு. அதைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டால் மாவட்டம் பச்சையாகிவிடும். பிப்ரவரி பதினான்காம் தேதி பார்வையிட ஒரு குழு வருகிறது. இரண்டு வெளிநாட்டுக்காரர்களும் உண்டாம். களமேற்பார்வையாளர் நான்தான் என்பதால் கையெழுத்தும் என்னுடையது.

எல்லோரும் போனபிறகு என்னை மட்டும் இருக்கச் சொன்னார். சென்னைத் தலைமை அலுவலகத்தில் நிரந்தரப் பணியிடம் ஒன்று காலியாகிறதாம். "உங்க பேரத்தான் எழுதி அனுப்பியிருக்கேன் மேடம். பதினாலாம் தேதி நல்லபடியா முடியட்டும்" என்றார். பதினோரு வருடமாக ஒப்பந்த வேலை. ஒவ்வொரு மார்ச்சிலும் புதுப்பிப்பார்களா மாட்டார்களா என்று காத்திருக்கவேண்டும். மகள் மதுரா சென்னையில் கல்லூரி விடுதிச் சாப்பாட்டில் இளைத்துக்கொண்டிருக்கிறாள்.

இவரிடம் சொன்னதும் சென்னையில் ஒரு வீட்டுத் தரகரின் எண்ணைத் தேட ஆரம்பித்துவிட்டார். கேன்காரரின் எண்ணைத் தேடச் சொல்லி மூன்று நாளாகிறது.

ஜனவரி 29, புதன்

சுருக்கன்குடி. ஸ்கூட்டியில் பதினெட்டு கிலோமீட்டர், கடைசி நான்கு வெறும் மணல். பத்துக்கு ஒரு வீடு என்று பதினெட்டு வீடு பார்க்கவேண்டும்.

எல்லா வீட்டு வாசலிலும் இடுப்பு உயரத்துக்கு ஒரு நீலக் குழாய் நிற்கிறது. படம் எடுக்கவேண்டும். படத்தில் குழாய் மட்டும்தான் தெரியவேண்டும், மனிதரோ விலங்கோ இருக்கக்கூடாது என்பது விதி. ஏழாவது வீட்டில் குழாயில் ஆட்டைக் கட்டியிருந்தார்கள். அவிழ்த்துவிடச் சொன்னேன். அவிழ்த்தார்கள். நான் டேப்லெட்டைத் தூக்குவதற்குள் ஆடு திரும்பி வந்து குழாயடியிலேயே நின்றது. மறுபடி விரட்டினோம். மறுபடி வந்தது.

"அத விடுங்க மேடம்" என்றாள் அந்த வீட்டுக்காரி பவுன்தாய். "அதுக்கு அது கட்டுத்தறி. குழாய்ன்னு அதுக்கு யாரும் சொல்லல."

கடைசியில் ஆடு இருக்கும் படத்தைத்தான் எடுத்தேன். பவுன்தாய்க்கு என் வயதுதான் இருக்கும். இரண்டு மாதத்துக்கு முன் கர்ப்பப்பை எடுத்திருக்கிறார்கள். ஒரு கையை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டே பேசுகிறாள். கணவர் கேரளாவில் கட்டட வேலை. மகள் நாகஜோதி பிளஸ் டூ.

நாற்பத்தொன்றாவது கேள்வி: வீட்டு வளாகத்தில் குழாய் இணைப்பு உண்டா? 'ஆம்' என்று அழுத்தினேன். நாற்பத்திரண்டாவது கேள்வி: தண்ணீர் எடுத்துவர ஆகும் நேரம்? அதை நான் கேட்கவேண்டியதில்லை. 'ஆம்' என்றதுமே தானாக விழுந்துவிடும், சாம்பல் நிறத்தில்: 0 நிமிடம். மாற்றவும் முடியாது.

பவுன்தாய் எட்டிப் பார்த்து, அது என்ன முட்டை என்று கேட்டாள். குழாய் வீட்டிலேயே இருப்பதால் தண்ணீர் எடுக்க நேரம் ஆகாது என்று கணக்கு, என்று விளக்கினேன். அவள் குழாயைப் பார்த்தாள். ஆட்டைப் பார்த்தாள். கடைசியாக என்னைப் பார்த்தாள்.

"குழாய் போட்டு ஒன்றரை வருசமாச்சு. திறப்பு விழா அன்னைக்கு ஒரு மணி நேரம் வந்துச்சு. சந்தனம் குங்குமமெல்லாம் வச்சோம். அதோட சரி."

அதன்பிறகு திங்கள்கிழமைதோறும் வரும் லாரித் தண்ணீர்தான். போதாததற்குக் கண்மாய்க்கு அப்பால் ஊற்று. தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு போகிறார்கள். பதினெட்டு வீட்டிலும் இதே பதில். பதினெட்டு வீட்டிலும் பூஜ்ஜியம்.

யாரோ ஒரு புத்திசாலி அந்தக் கேள்வியைப் பூட்டிவைத்திருக்கிறார். இருநூற்றுப் பன்னிரண்டு கேள்வி கேட்டுத் தொண்டை வறண்டுபோகிற பெண்களுக்கு ஒரு கேள்வி குறையட்டும் என்று நினைத்திருப்பார். அதுவும் நியாயம்தான்.

ஜனவரி 31, வெள்ளி

சந்தானகிருஷ்ணன் சாரிடம் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. முழுவதும் கேட்டார், டீ வரவழைத்தார். "மேடம், நம்ம வேலை அளக்குறது. தண்ணி குடுக்குறது வேற துறை" என்றார். குழாய் இருக்கிறதா என்பது கேள்வி. இருக்கிறது. தண்ணீர் வருகிறதா என்பது அடுத்த கட்டக் கணக்கெடுப்பில், இரண்டு வருடம் கழித்து வரும்.

கையெழுத்துப் போட்ட ஊரைத் திரும்பத் திறக்கவும் வழி இருக்கிறது என்று அவரே காட்டினார். பதினான்கு நாள் அவகாசம். நான்கு காரணங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவேண்டும்: வீடு பூட்டியிருந்தது, குடும்பம் இடம்பெயர்ந்தது, கருவிக் கோளாறு, மேற்பார்வையாளர் பிழை. முதல் மூன்றுக்கும் அந்த ஒரு வீடு மட்டும் திறக்கும். நான்காவதை அழுத்தினால் ஊர் முழுவதும் திறந்து, பழைய காகிதப் படிவத்தில் முதலிலிருந்து எடுக்கவேண்டும். அப்படி அழுத்தியவர்மேல் விசாரணையும் வரும். இந்த மாவட்டத்தில் இதுவரை அதை யாரும் தொட்டதில்லை என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

மூன்றரை மணிக்குக் கையெழுத்து வேலை முடிந்தது. வரும் வழியில் வெண்டைக்காய் வாங்கினேன். பாதி முற்றல்.

பிப்ரவரி 1, சனி

ஷோகேஸைத் துடைத்தேன், மேல்தட்டைத் தவிர. அதை இவர் துடைத்தார். அலுவலகத்தில் எனக்குக் கொடுத்த கேடயத்தைக் கையில் எடுத்துப் பார்த்து, இதையும் சென்னைக்கு மறக்காமல் எடுத்துப்போகவேண்டும் என்றார். அதற்கு இப்போது என்ன அவசரம் என்று கேட்டேன். கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

கேன் வந்தது. ஒன்று ஒழுகுகிறது.

பிப்ரவரி 5, புதன்

பவுன்தாய் போன் செய்தாள். கணக்கெடுத்த வீடுகளில் கொடுக்கும் சீட்டில் என் எண் இருக்கிறது. புகார் இருந்தால் கூப்பிடலாம் என்று அச்சடித்திருக்கிறது. இதுவரை யாரும் கூப்பிட்டதில்லை.

திங்கள்கிழமை லாரி வரவில்லையாம். ஊராட்சியில் கேட்டால், உங்கள் ஊர் நிறைவடைந்த ஊர்ப் பட்டியலில் ஏறிவிட்டது, இனி லாரி கிடையாது என்கிறார்களாம். வெள்ளிக்கிழமை மாலை போட்ட கையெழுத்து, திங்கள்கிழமை காலைக்குள் லாரியை நிறுத்திவிட்டது. இந்த அலுவலகத்தில் வேறு எந்தக் காகிதமும் இந்த வேகத்தில் நகர்ந்து நான் பார்த்ததில்லை. என் பயணப்படி விண்ணப்பம் அக்டோபரிலிருந்து கிடக்கிறது.

இப்போது ஊர் முழுவதும் ஊற்றுக்குத்தான் போகவேண்டும். முன்பொரு முறை இதில் சண்டை வந்து மண்டை உடைந்திருக்கிறது. அதனால் முறை வைத்திருக்கிறார்கள். ஊற்று என்பது மணலில் தோண்டிய பன்னிரண்டு குழி. ஒரு குழிக்குப் பதினைந்து வீடு, நாளைக்கு ஐந்து வீடு. மூன்று நாளைக்கு ஒருதடவைதான் ஒரு வீட்டின் முறை வரும். வீட்டு ஆள்தான் வரவேண்டும், அண்டை வீட்டிடம் கொடுத்துவிடக்கூடாது. ஆள் வராவிட்டால் முறை போயிற்று, இன்னும் மூன்று நாள்.

பவுன்தாய் குனியக்கூடாது, குடம் தூக்கக்கூடாது. நாகஜோதிதான் போகிறாள். அவர்கள் முறை நாலாம் தேதி வந்தது. அடுத்து ஏழு, அதற்கடுத்து பத்து. பத்தாம் தேதி காலை ஒன்பது மணிக்கு நாகஜோதிக்கு வேதியியல் செய்முறைத் தேர்வு.

"நீங்க என்ன செய்யமுடியும்னு எனக்குத் தெரியல மேடம். நம்பர் குடுத்தீக, அதான் கூப்பிட்டேன்" என்றாள்.

திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

பிப்ரவரி 6, வியாழன்

லாரி விஷயமாக ஐந்து பேரிடம் பேசினேன். ஐந்து பேரும் அடுத்தவரின் எண்ணைக் கொடுத்தார்கள். ஐந்தாமவர் கொடுத்தது எங்கள் அலுவலக எண்.

பிப்ரவரி 10, திங்கள்

இவரிடம் களப்பணி என்று சொல்லிவிட்டு ஐந்து மணிக்குக் கிளம்பினேன். பொய் இல்லை.

ஐந்து நாற்பதுக்குப் பவுன்தாய் வீட்டிலிருந்து வண்டி புறப்பட்டது. பத்துக் குடம். நாகஜோதி சீருடையிலேயே இருந்தாள். ஆய்வக நோட்டைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் குடங்களுக்கு நடுவில் செருகியிருந்தாள். ஊற்றுக்குப் போய்ச்சேர முப்பத்தைந்து நிமிடம். அங்கிருந்து ரோடு பக்கம்தான். ஆறு ஐம்பது பஸ்ஸை அவள் பிடித்துவிடலாம். அவள் பெயரில் நான் நிற்பதாக ஏற்பாடு.

எங்கள் குழியில் எங்களுக்கு முந்திய வீடு ராக்கு அக்காவுடையது. ஐம்பத்தைந்து வயது, வெற்றிலை வாய். என்னை மேலும் கீழும் பார்த்து, இது யாரு என்று நாகஜோதியைக் கேட்டாள்.

"எங்க அத்தை."

"எந்த ஊரு அத்தை?"

"டவுனு அத்தை."

"ஸ்கூட்டியில வர்ற அத்தை பவுனுக்கு ஏதுடி? அன்னைக்கு ஆட்ட போட்டா எடுத்த பொம்பளதான இது?"

பன்னிரண்டு குழியிலிருந்தும் சிரிப்பு வந்தது. நான் திரும்பிப் போகவேண்டியதுதான் என்று நினைத்தேன். ராக்கு அக்கா வெற்றிலையைத் துப்பிவிட்டு, வண்டியிலிருந்த குடங்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள். எல்லாக் குடத்தின் கழுத்திலும் பவுன்தாய் வீட்டுப் பச்சைக் கயிறு இருந்தது.

"சரி, நில்லு. குடம் பவுனு வீட்டுக் குடம். எங்களுக்குக் குடந்தான் கணக்கு."

நாகஜோதி நோட்டை எடுத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்து ஓடினாள்.

ஐம்பது நிமிடம் காத்திருந்தபின் என் முறை வந்தது. இடுப்பளவுக் குழி. அடியில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குத் தண்ணீர் ஊறுகிறது. அதைச் சிரட்டையால் மேலோட்டமாக அள்ளி, வாயில் துணி கட்டிய குடத்தில் ஊற்றவேண்டும். கொஞ்சம் அழுத்திவிட்டால் மணல் கலங்கிவிடும். தெளிகிறவரை சும்மா நிற்கவேண்டும். முதல் குடத்திலேயே இரண்டு தடவை கலக்கினேன். ராக்கு அக்கா தன் குடங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டே சொன்னாள்: "கேள்வி கேக்குற வேகத்துல அள்ளாதீக மேடம். அது ஊறித்தான் வரும்."

ஐந்தாவது குடத்தில் முதுகு பிடித்துக்கொண்டது. ஆறாவது குடத்தில் கைப்பை அதிர்ந்தது, சந்தானகிருஷ்ணன் சார். ஒன்பதரைக்கு ஆய்வுக் கூட்டம். எடுக்கவில்லை. மறுபடி அதிர்ந்தது. சிரட்டையைக் கீழே வைத்தால் ஊறிய தண்ணீர் அடுத்த ஆளுக்குப் போகும் என்பது அதற்குள் எனக்குப் பழகிவிட்டது.

போய்விட்டாள் என்று நினைத்த ராக்கு அக்கா, நான் குழியைவிட்டு ஏறும்போதும் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். பத்துக் குட வண்டியை நான் தனியாக மணலில் தள்ளமாட்டேன் என்று தெரிந்து காத்திருந்தாளாம். அவள் வண்டியை அவள் மருமகள் தள்ள, என் வண்டிக்கு அவள் ஒரு கை கொடுத்தாள். பாதி வழியில், "நேரத்த எழுதிக்கங்க" என்றாள். "எழுதி என்ன செய்ய?" என்று கேட்டேன். "நீங்க ஒருநாளும் கேக்கல. நாங்களும் சொல்லல. இப்பத் தெரியுதுல்ல, எழுதிக்கங்க."

உள்ளங்கையில் எழுதினேன். போக முப்பத்தைந்து, காத்திருக்க ஐம்பது, அள்ளத் தொண்ணூற்றைந்து, திரும்ப நாற்பது. இருநூற்றிருபது நிமிடம்.

பவுன்தாய் எனக்குக் குடிக்க ஒரு சொம்பு கொடுத்தாள். நான் அள்ளியதிலிருந்துதான். லேசாக உப்புக் கரித்தது. பாதியோடு வைத்துவிட முடியாமல் முழுவதும் குடித்தேன்.

கூட்டத்துக்கு முக்கால் மணி நேரம் தாமதம். புடவைக் கரையில் சேறு. எங்கே போனீர்கள் என்றார் சார். களத்துக்கு என்றேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பதினான்காம் தேதி குழுவின் முன் யார் யார் எதை வாசிப்பது என்று பிரித்துக் கொடுத்தார். எனக்கு வந்த தாளில் பெரிய எழுத்தில்: 'சுருக்கன்குடியில் பெண்கள் தண்ணீருக்காகச் செலவிடும் நேரம்: 0 நிமிடம்.' கையைக் கழுவ எழுந்துபோனேன். அலுவலகக் குழாயில் தண்ணீர் வந்தது. கழுவாமல் திரும்பிவிட்டேன்.

பிப்ரவரி 12, புதன்

மத்தியானம் நாகஜோதி போன் செய்தாள். தேர்வை நன்றாகச் செய்திருக்கிறாள். "உப்பக் குடுத்து என்ன உப்புன்னு கண்டுபிடிக்கச் சொன்னாங்க அத்தை. எங்க ஊருக்காரிகிட்டயா கேக்குறீங்கன்னு சொல்ல வந்துச்சு, அடக்கிக்கிட்டேன்" என்று சிரித்தாள். அவளாகவே அத்தை என்றாள். சாட்சிக்கு ராக்கு அக்காகூடப் பக்கத்தில் இல்லை.

நாளைக்கு அவர்கள் முறை. நாளைக்குத் தேர்வு இல்லை. மார்ச்சில் பொதுத்தேர்வு தொடங்கிவிடும். ஆறு தாள். அதில் எத்தனை தாள் முறை நாளில் விழும் என்று காலண்டரை வைத்துக்கொண்டு பார்த்தேன். இரண்டு. யார் குழியில் நிற்பார்கள்? நான் சென்னையில் இருப்பேன்.

இதை எழுதாமல் இத்தனை நாள் ஓட்டிவிட்டேன். எழுதிவிடுகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன் முன்னோட்டக் கணக்கெடுப்பு நடந்தபோது எல்லாம் காகிதப் படிவம். அதில் நேரக் கேள்வி தனியாக இருந்தது. குழாய் உள்ளவர்களிடமும் கேட்கவேண்டும்: எத்தனை நடை, யார் போவது, எவ்வளவு நேரம் காத்திருப்பு. அந்த ஒரு கேள்விக்கே ஒரு வீட்டில் நான்கு நிமிடம் போகும். என் குழுப் பெண்கள் இருட்டிய பிறகுதான் வீடு போய்ச் சேர்ந்தார்கள், ஒருத்தி அழுதாள். டேப்லெட் வந்தபோது யோசனை கேட்டார்கள். ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன்: 'குழாய் இணைப்பு உண்டு எனில், நேரம் தானாகவே பூஜ்ஜியம் ஆகலாம். வீட்டுக்கு நான்கு நிமிடம் மிச்சம்.' உடனே ஏற்றுக்கொண்டார்கள். ஷோகேஸின் மேல்தட்டில் இருக்கிற கேடயத்தில் பித்தளை எழுத்தில் போட்டிருக்கிறது: 'காலத்தை மிச்சப்படுத்திய யோசனைக்காக. திருமதி த. புனிதவதி.'

குழாய் இருந்தால் தண்ணீர் வரும் என்று நம்பிவிட்டேன் என்று விசாரணையில் சொல்லிக்கொள்ளலாம். இந்த நோட்டில் சொல்ல முடியாது. அந்த யோசனையை எழுதிய காலையிலும் என் சமையலறைக் குழாயில் காற்றுதான் வந்தது. கேன் தண்ணீரில் காபி போட்டுக் குடித்துவிட்டு உட்கார்ந்துதான் எழுதினேன்.

பத்து வருடம் கழித்து யாராவது அந்த வரைபடத்தைப் பார்த்து, இந்த மாவட்டத்தில் இந்த வருடத்தோடு பெண்கள் தண்ணீருக்கு நடப்பது நின்றுவிட்டது என்று எழுதுவார்கள். ஆதாரத்துக்கு ஓர் ஆட்டின் படம் இருக்கும்.

பிப்ரவரி 13, வியாழன்

காலையில் குழாயைத் திறக்கவில்லை. நேரே கேன்.

நாளைய நிகழ்ச்சிக்கு இஸ்திரி போட்ட புடவை தயார். சந்தானகிருஷ்ணன் சார் இரண்டு தடவை போன் செய்து, வாசிக்கும்போது நிமிர்ந்து பார்த்து வாசிக்கச் சொன்னார். நல்ல மனிதர். எனக்காகத்தான் என் பெயரை அனுப்பினார். நாளைக்கு அவருக்கும் சிக்கல்தான். அதுதான் இன்றைக்கு முழுவதும் என்னை அரித்தது. மதுரா, தன் விடுதித் தோழிகளிடம் அம்மா வரப்போகிறாள் என்று சொல்லிவிட்டாளாம்.

இவர் கூடத்தில் வீட்டுத் தரகரோடு பேசிக்கொண்டிருக்கிறார். இரண்டாவது மாடியா, லிஃப்ட் உண்டா, பக்கத்தில் காய்கறிக் கடை இருக்கிறதா என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, இப்போது தண்ணீருக்கு வந்திருக்கிறார். "இருபத்து நாலு மணி நேரமும் வருமா? நிச்சயமா வருமா?" அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, சந்தோஷமாகச் சிரிக்கிறார்.

நாளை காலை எட்டு மணிக்குக் கணினியில் பக்கம் திறக்கும். அவகாசத்தின் கடைசி நாள். குழு பதினோரு மணிக்குத்தான் வருகிறது. நான்காவது காரணத்தை அழுத்தப்போகிறேன். அதன் கீழே 'விளக்கம்' என்று ஒரு கட்டம் வரும், ஐந்நூறு எழுத்து வரை இடம். எழுதிப் பார்த்தேன்: 'நேரக் கேள்வியைப் பூட்டச் சொன்னது நான். சுருக்கன்குடியில் ஒரு முறைக்கு இருநூற்றிருபது நிமிடம். நானே அளந்தேன்.' இன்னும் நிறைய இடம் மிச்சம் இருக்கிறது. அப்படியே விட்டுவிடலாம்.

பரண்மேல் முன்னோட்டக் காலத்துக் காகிதப் படிவக் கட்டு ஒன்று கிடந்தது. எண்ணினேன், இருநூற்றுச் சொச்சம். ஊருக்குப் போதும். இவர் போனை வைப்பதற்குள் கீழே இறங்கி, தூசி தட்டி, பையில் போட்டு ஸ்கூட்டியின் கொக்கியில் மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தேன். வண்டியில் என்ன பை அது என்று போனை வைத்ததும் கேட்டார். பழைய பேப்பர் என்றேன்.